வறட்சி பழையது, வெப்பம் புதியது

அமெரிக்காவின் தென்மேற்கில் நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்களும் ஒரே புள்ளியில் தொட்டுக்கொள்ளும் மேட்டு நிலத்தில் பின்யோன் என்றொரு குட்டையான பைன் மரம் வளர்கிறது. அதன் கூம்புக்குள் இருக்கும் பருப்பு நவஹோ, பியூப்லோ பழங்குடிகளின் பழைய உணவு. ஜூனிப்பர் மரங்களோடு கலந்து, குறைந்த மழையிலும் குளிர்காலப் பனியிலும் காலம் தள்ளி, நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கக்கூடிய மரம் இது. வறட்சி அதற்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட மரம் 2002, 2003 ஆண்டுகளில் கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போயிற்று. பச்சை ஊசியிலைகள் முதலில் மங்கின, பிறகு செம்பழுப்பாகின, கடைசியில் கொட்டின. லாஸ் அலமோஸ் நகருக்கு அருகே ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அளந்துவந்த மெசிட்டா டெல் புவே என்ற இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பின்யோன்கள் மாண்டன. வட்டாரம் முழுவதும் சேர்த்தால் பாதிப்பு சுமார் 12,000 சதுர கிலோமீட்டர். காரணம் கேட்டவர்களுக்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. மண்ணைச் சோதித்தவர்கள் வறட்சி என்றார்கள். பட்டையை உரித்துப் பார்த்தவர்கள் வண்டு என்றார்கள். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டையும் கூட்டினாலும் கணக்கு நேராகவில்லை.

நேராகாததற்குக் காரணம் 1950களின் வறட்சி. அதே வட்டாரத்தில் அந்தப் பத்தாண்டில் அடித்த வறட்சி, மழைக் கணக்கில் பார்த்தால் 2000களின் வறட்சியைவிடக் கடுமையானது. அப்போதும் பின்யோன்கள் செத்தன. ஆனால் செத்தவை பெரும்பாலும் நூறு வயதைத் தாண்டிய கிழட்டு மரங்கள். 2002இல் செத்தவற்றில் எல்லா வயதும் இருந்தது. ஈரம் சற்று மிகுதியான உயரமான சரிவுகளில் நின்ற மரங்கள்கூடத் தப்பவில்லை. மழை கூடுதலாகப் பெய்தும் சாவு ஏன் கூடியது? டேவிட் பிரெஷியர்சும் கிரேக் ஆலனும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு விடையை முன்வைத்தது: இரண்டாவது வறட்சி முதலாவதைவிடச் சூடானது. மண் ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் தொடர்ந்து ஈரமற்றுக் கிடந்தது. வறட்சி வேண்டுமானால் பழையதாக இருக்கலாம், அதனுடன் சேர்ந்து வந்த வெப்பம் புதியது. காடுகள் சாவதைப் பற்றிய இன்றைய அறிவியலில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்கும் முயற்சிதான். அந்தச் சோதனையில் வாக்கியம் தேறியிருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் அது சொல்வதைவிடக் கூடுதலாக அதன் மேல் ஏற்றிவிடக் கூடாது. வெப்பம் நேரடியாக மரத்தைக் கொல்வது அரிது. மரத்தைக் கொல்லக்கூடிய பழைய எதிரிகள் ஒவ்வொன்றின் கையையும் அது வலுப்படுத்துகிறது.

இதன் அடிப்படை எளிய இயற்பியல். சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும். ஒரு பாகை செல்சியஸ் கூடினால் காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 சதவீதம் உயரும். காற்று தாங்கக்கூடிய அளவுக்கும் அதில் உண்மையில் இருக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளியைத்தான் அறிவியலாளர்கள் ஆவியழுத்தப் பற்றாக்குறை என்கிறார்கள். காற்றின் தாகம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கொடியில் காயும் துணி மார்கழியைவிடச் சித்திரையில் சீக்கிரம் உலர்வது இந்த இடைவெளியால்தான். 30 பாகை வெப்பத்தில் பாதி அளவு நீராவி நிறைந்த காற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீராவியைக் கூட்டாமல் குறைக்காமல் வெப்பத்தை மட்டும் 32 பாகைக்கு உயர்த்தினால் அதன் தாகம் கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடுகிறது. இரண்டே பாகைக்கு இவ்வளவு. வானிலை அறிக்கையில் நாம் மழைக் குறைவைத்தான் தேடுகிறோம்; மரத்தைப் பொறுத்தவரை வேரடியில் வரவு குறைவதும் இலை நுனியில் செலவு கூடுவதும் ஒரே பற்றாக்குறையின் இரண்டு பக்கங்கள். வரவு மாறாமலே செலவு கூடினாலும் கடன் ஏறும். மழையளவில் எந்தக் குறையும் இல்லாத ஆண்டிலும் காடு வறட்சியை உணர முடியும் என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் முடிவு.

மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இனி வரும் வாதமெல்லாம் அங்கேதான் வேர்கொண்டிருக்கிறது. மரம் நீரைக் கீழிருந்து மேலே தள்ளுவதில்லை, மேலிருந்து இழுக்கிறது. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது, வேரிலிருந்து இலை வரை கட்டைக்குள் ஓடும் நுண்குழாய்களில் இருக்கும் நீர்த்தொடர் முழுவதும் இழுபடுகிறது. மண் காயக் காய நீரை விட மறுக்கிறது, காற்றின் தாகம் கூடக் கூட இலை விடாமல் இழுக்கிறது. இழுவிசை ஓர் எல்லையைத் தாண்டினால் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்து நீர்த்தொடர் அறுந்துவிடும். ஒரு குழாய் அடைத்தால் அந்தச் சுமை பக்கத்துக் குழாய்களுக்குப் போகும். அவையும் ஒவ்வொன்றாக அடைக்கும். இதைத் தவிர்க்க மரத்திடம் இருக்கும் உடனடிக் கருவி இலைத்துளையை மூடுவது ஒன்றுதான். ஆனால் ஒளிச்சேர்க்கைக்கான கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான். துளையைத் திறந்தால் தாகம், மூடினால் பட்டினி. இந்த இக்கட்டில் பின்யோனும் ஜூனிப்பரும் எதிரெதிர் முடிவை எடுக்கின்றன. பின்யோன் மிக முன்னெச்சரிக்கையானது. இழுவிசை ஏறத்தாழ இரண்டு மெகாபாஸ்கலை, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் இருபது மடங்கை நெருங்கும்போதே கடையை மூடிவிடும். ஜூனிப்பர் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இழுவிசையிலும் துணிந்து துளைகளைத் திறந்து வைத்திருக்கும். சிறு வறட்சிகளில் பின்யோனின் எச்சரிக்கை பலிக்கும். மாதக்கணக்கில் நீளும் வறட்சியில் அதுவே அதற்கு எமனாகிறது: கடை திறக்கவே முடியாமல், சேமித்த மாவுச்சத்தைத் தின்றே அது நாளைக் கழிக்க வேண்டும். 2002இல் ஒரே மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டில் பின்யோன்கள் விழ, ஜூனிப்பர்களில் பெரும்பாலானவை பிழைத்தன.

நேட் மெக்டோவலும் சக ஆய்வாளர்களும் 2008இல் இந்த இரு வழிகளையும், நீர்க்குழாய் முறிவு, கரிமப் பட்டினி என்று பெயரிட்டுப் பிரித்துக் காட்டினார்கள். அதன் பிறகு எது உண்மையான காரணம் என்று தாவரவியலாளர்களிடையே பெரிய வாக்குவாதமே நடந்தது. இன்றைய நிலைமை ஏறத்தாழ சமரசம்: மாண்டுபோகும் மரங்களில் குழாய் முறிவின் தடயம் எங்கும் காணப்படுகிறது, கரிமச் சேமிப்பு கரைவது சில இனங்களில், குறிப்பாக ஊசியிலை மரங்களில் சேர்ந்து வருகிறது. இந்த வாக்குவாதம் வல்லுநர்களுக்குப் பெரிது, நம் கேள்விக்குச் சிறிது. இரண்டு வழியையும் வெப்பம் விரைவுபடுத்துகிறது. காற்றின் தாகம் கூடுவதால் குழாய்கள் சீக்கிரம் அறும். மூடிய துளைகளோடு காத்திருக்கும் மரத்தின் சுவாசமும் வெப்பத்தோடு உயரும். பொதுவாகப் பத்துப் பாகை கூடினால் சுவாசச் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். வருமானம் நின்றுபோன வீட்டில் செலவு மட்டும் ஏறுகிறது.

இதையெல்லாம் வெறும் ஊகம் என்று ஒருவர் ஒதுக்கலாம்; இயற்கையில் வறட்சியும் வெப்பமும் எப்போதும் கைகோத்தே வருவதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்க முடியாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரித்துப் பார்க்க விசித்திரமான ஓர் இடம் உதவியது. அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற மாபெரும் கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. 1991 முதல் இரண்டாண்டுகள் எட்டுப் பேர் அதற்குள் அடைபட்டு, வெளியுலகைச் சாராமல் வாழ்ந்து பார்த்தார்கள். அந்த முயற்சி பல சங்கடங்களில் முடிந்தது. பின்னர் அந்தக் கண்ணாடிக் கூடம் ஆய்வுக்கூடமாயிற்று. ஹென்றி ஆடம்சும் சக ஆய்வாளர்களும் வேரோடு பெயர்த்தெடுத்த பின்யோன்களை அங்கே கொண்டுபோய், ஒரு பகுதியை வழக்கமான வெப்பத்திலும் மறுபகுதியை அதைவிட 4.3 பாகை கூடுதலான வெப்பத்திலும் வைத்து, இரண்டுக்கும் தண்ணீரை நிறுத்தினார்கள். சூடான பகுதியில் இருந்தவை 28 சதவீதம் சீக்கிரம் மாண்டன. 2009இல் வெளிவந்த இந்த முடிவில் முக்கியமானது அங்கே வண்டுகள் இல்லை என்பது. வறட்சி இரு பகுதிக்கும் ஒன்று. மாறியது வெப்பம் மட்டும். தொட்டியில் நட்ட சில மரங்களை வைத்துக் காட்டைப் பற்றிப் பேசலாமா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். பெயர்த்து நட்ட மரம் காட்டு மரத்துக்கு ஈடாகாது என்பது சரி. ஆனால் ஆழத்தில் நீர் தேடும் வேரின் வலிமை இரு பகுதிகளிலும் ஒரே அளவுக்குக் குறைந்திருக்கும். வித்தியாசத்துக்கு அது காரணமாக முடியாது. கொல்லும் வறட்சி இவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்ற அளவுகோலே வெப்பத்தால் சுருங்குகிறது என்பதும், குறுகிய வறட்சிகள் நீண்டவற்றைவிடப் பன்மடங்கு அடிக்கடி வரக்கூடியவை என்பதும் சேரும்போது இந்த 28 சதவீதத்தின் கனம் புரியும். சாவுக்குப் போதுமான வறட்சிகளின் எண்ணிக்கை அந்த வட்டாரத்தில் ஐந்து மடங்காகலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

இனி வண்டுக்கு வருவோம். மரப்பட்டை வண்டு காட்டுக்கு வெளியிலிருந்து வந்த பகைவன் அல்ல. வட அமெரிக்கப் பைன்களோடு நெடுங்காலமாக வாழ்வது, நலிந்த மரங்களைக் கழித்துக் காட்டைப் புதுப்பிப்பது. அவ்வகையில் ஒன்றான மலைப் பைன் வண்டின் நீளம் சுமார் 5 மில்லிமீட்டர். பெண் வண்டு பட்டையைத் துளைத்துப் புகுந்து, மணப்பொருள் விட்டு மற்றவற்றை அழைக்கிறது. நலமான மரம் பிசினைப் பீய்ச்சி அதை வெளியே தள்ளும் அல்லது அதிலேயே மூழ்கடிக்கும். தாகத்திலும் பட்டினியிலும் இருக்கும் மரத்திடம் அந்தப் பிசின் இல்லை. உள்ளே நுழைந்த வண்டு தன்னோடு ஒரு பூஞ்சையையும் கொண்டுவருகிறது. அது கட்டையை நீலமாக்கி, இருக்கிற நீர்க்குழாய்களையும் அடைக்கிறது. முட்டையிலிருந்து வரும் புழுக்கள் பட்டையின் கீழ் சர்க்கரை ஓடும் திசுவைக் குறுக்காகத் தின்கின்றன. நூற்றுக்கணக்கில் ஒருசேரத் தாக்கினால் நல்ல மரமும் தாங்காது. இந்தப் பெருக்கத்துக்குக் கடிவாளமாக இருந்தது கடுங்குளிர். புழு தன் உடலில் கிளிசரால் சேர்த்து உறைபனியைத் தாங்கும். ஆனால் நடுக்குளிர்காலத்தில் மைனஸ் 40 பாகை அளவுக்குச் சில நாள் இறங்கினால் பெரும்பாலானவை மடியும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அந்தக் குளிர் வருவது அரிதாகிப்போன 1990களில் தொடங்கிய வண்டுப் பெருக்கம் சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைத் தொட்டது. அதாவது 1,80,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பைவிடப் பெரியது. அந்த மாகாணத்தின் வணிக மதிப்புள்ள லாட்ஜ்போல் பைன் மரங்களில் பாதிக்கும் மேல் போயிற்று. நீலம் பாய்ந்த கட்டையை 'டெனிம் பைன்' என்று பெயர்சூட்டி விற்றுப் பார்த்தார்கள். வியாபாரம் எதையும் வீணாக்குவதில்லை. வண்டு அதோடு நிற்கவில்லை. குளிர்தான் வேலியாக இருந்த ராக்கி மலைத்தொடரைத் தாண்டி ஆல்பர்ட்டாவுக்குள் புகுந்து, அதுவரை அறியாத ஜாக் பைன் இனத்திலும் குடியேறியது. அந்த இனம் கனடாவின் குறுக்கே கிழக்கு வரை பரந்து கிடப்பது.

கூடுதல் வெப்பம் என்றால் வறண்ட நிலத்துக் கதை என்று நினைக்கத் தோன்றும். அப்படி நினைப்பவர்கள் அலாஸ்காவின் மஞ்சள் சீடரைப் பார்க்க வேண்டும், என்னளவில் இந்தத் துறையின் மிக வியப்பான கதை அதுதான். தென்கிழக்கு அலாஸ்கா மழை ஓயாத கரையோரம். டிலிங்கிட், ஹைடா மக்கள் துடுப்பும் முகமூடியும் செதுக்கிய, பட்டையை நெய்த மரம் மஞ்சள் சீடர். ஆயிரம் ஆண்டுகள் வாழக்கூடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே அது சாகத் தொடங்கியிருந்தது. பூச்சியா, பூஞ்சையா, வைரசா என்று பல பத்தாண்டுகள் தேடியும் கொலையாளி அகப்படவில்லை. பால் ஹெனன் தலைமையிலான அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கடைசியில் கண்டது வேர் உறைதல். மஞ்சள் சீடரின் நுண்வேர்கள் சதுப்பு மண்ணின் மேல்மட்டத்தில் படர்பவை. வசந்தம் தொடங்கும் முன்பே உறைபனியைத் தாங்கும் தன்மையை இழந்துவிடுபவை. அவற்றைக் காத்தது தரையில் கிடந்த பனிப்போர்வை. காற்று சூடேறியதால் பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்தது, போர்வை போயிற்று. பிறகு இளவேனிலில் ஒரு குளிரலை வந்தால் திறந்த மண் உறைந்து வேர்கள் சாகின்றன. சூடேறியதால் உறைந்து சாகிறது மரம்! பனி நிலைக்கும் உயரங்களில் அதே இனம் நலமாக நிற்கிறது என்பதே விளக்கத்துக்கு வலுவான சான்று. இந்தச் சாவின் ஆரம்பம் மனிதரால் நிகழ்ந்த வெப்ப உயர்வுக்கு முந்தியது, சிறு பனியூழி முடிந்த காலத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது வாதத்தைப் பலவீனப்படுத்துவதில்லை. பனி குறைந்தால் இந்த மரம் என்ன ஆகும் என்பதைத்தான் அது முன்கூட்டியே காட்டியது.

இப்படிப் பெருஞ்சாவுகளை மட்டும் அடுக்கினால் இவையெல்லாம் தேர்ந்தெடுத்த கதைகள் என்ற மறுப்பு எழும். ஏதோ ஒரு காட்டில் எப்போதும் ஏதோ ஒன்று செத்துக்கொண்டுதானே இருக்கும்? இந்த மறுப்புக்கு விடை சொல்லக் கூடியது செய்திக்கு வராத, அமைதியான காடுகளின் கணக்கு. பிலிப் வான் மான்ட்கெம், நேதன் ஸ்டீவன்சன் முதலியோர் 2009இல் அமெரிக்க மேற்கின் 76 நிரந்தர ஆய்வு நிலங்களின் பதிவுகளைத் தொகுத்தார்கள். எல்லாம் முதிர்ந்த காடுகள். பெருந்தீயோ வண்டுக் கொள்ளையோ அடிக்காதவை. ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, சில ஆண்டுக்கு ஒருமுறை யார் இருக்கிறார், யார் இல்லை என்று பார்க்கும் பொறுமையான வேலை. முடிவு: ஆண்டுச் சாவு விகிதம் எல்லா வட்டாரங்களிலும் உயர்ந்திருந்தது, பசிபிக் வடமேற்கில் 17 ஆண்டுகளில் இரட்டிப்பாகும் வேகம், கலிபோர்னியாவில் 25, உள்நாட்டில் 29. சிறு மரம், பெரிய மரம், தாழ்வான இடம், உயரமான இடம், பைன், ஃபிர், ஹெம்லாக் என்ற வேறுபாடு இல்லை. புதிதாக முளைத்து வருபவற்றின் விகிதம் உயரவில்லை. ஒரு சதவீதம் இரண்டு சதவீதமாவது கேட்பதற்கு ஒன்றுமில்லை போலிருக்கும். ஆண்டுக்கு ஒரு சதவீதம் செத்தால் இன்றைய மரங்களில் பாதி மறைய ஏறத்தாழ 70 ஆண்டு ஆகும். இரண்டு சதவீதமானால் 35 ஆண்டே போதும். முதிர்ந்த காடு இளங்காடாகிவிட அதற்கு மேல் எந்தப் பேரிடரும் தேவையில்லை.

இந்த இடத்தில் வருவதுதான் எல்லாவற்றிலும் வலுவான எதிர்வாதம், அதிலும் கலிபோர்னியாவை வைத்து. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் காட்டுத்தீயைத் தலைகாட்டவிடாமல் அணைத்தார்கள். சிறு தீயில் களையப்பட வேண்டிய மரங்கள் களையப்படாமல் காடு நெருங்கி வளர்ந்தது. பல வேர்கள் ஒரே நீருக்கு மோதின. வறட்சி வந்ததும் சரிந்தன. ஆகவே பழி வெப்பத்தின் மீதல்ல, வனத்துறையின் மீது என்பது வாதம். இதில் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2012இல் தொடங்கிய வறட்சியை ஒட்டிக் கலிபோர்னியாவில் இறந்ததாக அமெரிக்க வனத்துறை மதிப்பிட்ட 12.9 கோடி மரங்களில் பல, நெருக்கடி மிகுந்த காடுகளில் நின்றவை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வண்டுக்கு விருந்தானவையும் தீயிலிருந்து காப்பாற்றப்பட்டு ஒரே வயதில் மூப்படைந்த பைன்கள்தான். ஆனால் மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள முடியாது. மேலே சொன்ன 76 நிலங்களில் தீ அடிக்கடி வரும் காடுகளும் இருந்தன, இயல்பாகவே நூற்றாண்டுக் கணக்கில் தீ வராத ஈரக் காடுகளும் இருந்தன. சாவு இரண்டிலும் ஏறியது. நெருக்கமே காரணமென்றால் நிலங்களில் நெருக்கம் கூடியிருக்க வேண்டும். உண்மையில் அது சற்றுக் குறைந்திருந்தது. கலிபோர்னியாவுக்கே ஒரு நேரடிக் கணக்கும் உண்டு. அந்த வறட்சியில் பாண்டரோசா பைன்களை மேற்கத்திய பைன் வண்டு தாக்கியதை மாதிரியாக்கி, வெப்ப உயர்வு நேராமல் அதே வறட்சி வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. வெப்பம் கூட்டிய சாவு ஏறத்தாழ 30 சதவீதம். நூறு சதவீதமல்ல, பூஜ்ஜியமுமல்ல. வெப்பத்தின் பங்கு என்ன என்று கேட்பவர்களிடம் சொல்லத் தகுந்த அளவு இது போன்றதுதான்.

கரியமில வாயு மரங்களுக்கு உணவாயிற்றே, அது கூடினால் நன்மைதானே என்பது அடுத்த மறுப்பு. செயற்கைக்கோள் படங்களில் பூமி பசுமையாகி வருவதையும் இதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். வாயு கூடும்போது மரம் துளைகளைச் சற்றுக் குறுக்கிக்கொண்டே அதே உணவைத் தயாரிக்க முடியும், நீர் மிச்சமாகும் என்பது சோதனைகளில் உறுதியானது. ஆனால் அந்த நன்மை துளை திறந்திருக்கும்வரைதான்; பின்யோன் போல மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் மரத்துக்கு வெளியே வாயு எவ்வளவு இருந்து என்ன? மேலும் நல்ல ஆண்டுகளில் செழித்து இலைப்பரப்பைப் பெருக்கிக்கொண்ட காடு, கெட்ட ஆண்டில் கூடுதல் நீரைக் கேட்டு நிற்கும். தென்மேற்கு அமெரிக்காவில் 2002க்கு முன் 1980களும் 90களும் ஈரமான காலம் என்பதை மறக்கக் கூடாது. வெப்பமண்டல மழைக்காடுகளின் பதிவுகளும் நம்பிக்கை தரவில்லை. அமேசானில் மரங்கள் வேகமாக வளர்கின்றன, வேகமாகச் சாகவும் செய்கின்றன. 2015இல் வெளிவந்த நீண்டகாலக் கணக்கின்படி அக்காடு ஈர்த்துச் சேமித்த கரிமத்தின் அளவு 1990களோடு ஒப்பிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1971 முதல் கவனிக்கப்பட்ட 24 மழைக்காட்டு நிலங்களில் கடந்த 35 ஆண்டுகளில் மரங்களின் சாவு அபாயம் சராசரியாக இரட்டிப்பாகியிருப்பதாக 2022இல் தெரியவந்தது. காரணிகளை ஒப்பிட்டபோது முன்னின்றது மழைக் குறைவல்ல, காற்றின் தாகம். அங்கே தீயணைப்புக் கொள்கையைக் குறைசொல்லவும் வழியில்லை.

மரம் சாகும் நாளும் அதைக் கொன்ற நாளும் ஒன்றல்ல என்பதால் இந்தக் கணக்குகளில் அவசரம் கூடாது. நம் முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவர் குழுவினரும் 1988இல் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, அதிலுள்ள மரங்களை ஆண்டுதோறும் கணக்கெடுத்துவருகிறார்கள். பத்தொன்பது ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது அங்கே பெரிய மரங்களின் சாவு அந்தந்த ஆண்டின் மழையோடு அல்ல, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய மழையோடு ஒத்துப்போனது. சிறு மரங்களைக் கொன்றதில் முக்கியப் பங்கு தீக்கும் யானைக்கும். இந்த உலர்காட்டின் சாவுகளை வெப்ப உயர்வின் தலையில் கட்ட அந்த ஆய்வு இடம்தரவில்லை, நானும் கட்டமாட்டேன். அது கற்பிப்பது வேறு: மழை திரும்பிய பிறகும் பழைய வறட்சி மரத்துக்குள் வேலைசெய்துகொண்டிருக்கும். அறுந்த குழாய்களும் கரைந்த சேமிப்பும் ஒரு பருவமழையில் மீள்வதில்லை. மழை வந்துவிட்டது, காடு தப்பித்தது என்று அறிவிப்பவர்கள் மூன்று ஆண்டு காத்திருந்து சொல்வது நல்லது.

பட்டுப்போன மரம் தன் சாவோடு முடிந்துவிடுவதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வண்டுக் காடுகள் கரிமத்தை ஈர்ப்பதற்குப் பதில் வெளியிடும் காடுகளாக மாறியதை வெர்னர் குர்ட்சும் சக ஆய்வாளர்களும் 2008இல் கணக்கிட்டார்கள்: 2000 முதல் 2020 வரை சுமார் 27 கோடி டன் கரிமம். அந்தக் கரிமம் வெப்பத்தை மேலும் கூட்டுகிறது. ஜெர்மனியில் 2018 முதல் 2021 ஏப்ரல் வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் ஹெக்டேரில் மரப்போர்வை அழிந்தது; பெரும்பாலும் தாழ்நிலங்களில் மரக்கட்டைக்காக வரிசையாக நட்டு வளர்த்த ஸ்ப்ரூஸ். அந்த நடவு தவறான இடத்தில் தவறான மரம் என்பது வனவியலாளர்களுக்கு முன்பே தெரியும், வெப்பம் அந்தத் தவறுக்கு உடனடி விலையைக் கேட்டது. மரங்களைக் கலைத்து நெருக்கத்தைக் குறைப்பது, கலப்பினக் காடாக நடுவது ஆகியவை பயன்தரும். ஒவ்வொரு மரத்துக்கும் கிடைக்கும் நீரை அவை கூட்டும். காற்றின் தாகத்தை அவை குறைப்பதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வனத்துறை 2018 முதல் தன் விதை விதிகளையே மாற்றிவருகிறது. அந்தந்த இடத்து விதையை அந்தந்த இடத்தில் நடுவதுதான் நூறாண்டு மரபு. இனி நடப்போகும் இடம் எவ்வளவு சூடேறும் என்று கணித்து, இன்றைக்கே அப்படிச் சூடாக இருக்கும் இடத்திலிருந்து விதை வருகிறது. இந்த ஏற்பாடு நாற்றுகளுக்கு உதவும். ஏற்கெனவே வேரூன்றி நிற்கும் நூறு வயது மரத்துக்கு அது எதையும் செய்யாது. நெருக்கத்தைக் குறைப்பதற்கு அப்பால், அந்த மரத்துக்கு எட்டக்கூடிய ஒரே உதவி வெளியேறும் கரியமில வாயுவைக் குறைப்பது.